தடுத்தலும் தடுத்து வைத்தலும்

ஆங்கில வினாத்தாளில் தடுத்தலைக் குறிக்கும் வினைச்சொற்கள் வரிசையாக வந்தால் நம் மாணவிகள் பலர் தடுமாறுகிறார்கள். ஃபொர்பிட், புரொஹிபிட், பிரிவென்ட், டிடெயின் எல்லாவற்றுக்கும் ‘தடு’, ‘தடைசெய்’ என்றே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். “எதை எழுதினாலும் கருத்து ஒன்றுதானே?” என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றல்ல என்பதே என் கருத்து. அதை நான் வலியுறுத்துவது புள்ளிகளுக்காக மட்டுமல்ல.

உம்மா, “மழையில் வெளியே போகாதே” என்றால் அது ஃபொர்பிட்; உரிமையுள்ள ஒருவர் வேண்டாமென்று விலக்குவது. சட்டமோ நிறுவனமோ விதியாக விலக்கினால் புரொஹிபிட். இரண்டிலும் இருப்பது கட்டளைதான். காரியம் உண்மையில் நடவாமற் போனால்தான் பிரிவென்ட். ஃபொர்பிட்டுக்குப் பின் ‘டு’ வரும். மற்ற இரண்டுக்கும் பின் ‘ஃப்ரம்’ வரும்.

இதை விளங்கிக்கொள்ள நம் வீதியே போதும். யுத்தம் முடிந்தபின் பரந்தனிலிருந்து ஆனையிறவுப் பக்கம் போனவர்கள், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைக் கண்டிருப்பார்கள். அந்தப் பலகை உள்ளே போவதை விலக்கியது. ஆனால் வழிதவறிய ஓர் ஆட்டைக்கூட அதனால் தடுக்க முடியாது. ஆபத்தைத் தடுத்தவர்கள், வெயிலில் முழந்தாளிட்டு மண்ணைக் கிளறி மிதிவெடிகளை அகற்றியவர்களே. அவர்களுள் வன்னிப் பெண்கள் பலர்.

டிடெயின் இன்னும் வேறு. தமிழில் ‘தடுத்தல்’ என்பதோடு ‘வைத்தல்’ சேர்ந்தால் ஒரு மனிதரின் நடமாட்டமே பறிபோகிறது. 2009இல் பரந்தன் மக்கள் உட்பட 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தார்கள். அரசு அவற்றை ‘நலன்புரிக் கிராமங்கள்’ என்றது. முட்கம்பிக்கு அப்பால் விரும்பியபடி போக முடியாதவர்கள், ‘நாங்கள் தடுத்து வைக்கப்பட்டோம்’ என்றார்கள். எந்தச் சொல் பொருந்தும் என்பதை வாசலே சொல்லிவிடும்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2019 ஏப்ரல் 29. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் அவசரகால விதி புரொஹிபிட் செய்தது, அடையாளம் காண முடியாதபடி முழு முகத்தையும் மறைக்கும் உடையை. தலையை மூடும் முக்காட்டை அல்ல. ஆயினும் முக்காடு அணிந்த பெண்கள் சில வாசல்களில் மறிக்கப்பட்டார்கள். சட்டம் விலக்கியது ஒன்று. காவலாளி தடுத்தது மற்றொன்று. இரண்டையும் ‘தடை’ என்ற ஒரே சொல்லால் நாமும் அழைத்தோம். அதனால், “எந்த விதி இதை விலக்குகிறது?” என்று கேட்க வேண்டிய இடத்தில் பலர் பேசாமல் திரும்பி வந்தார்கள்.

ஆகவே, மாணவிகளே, ‘தடை’ என்று ஒருவர் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். தடுப்பவர் யார்? எந்த அதிகாரத்தில்? எதை மட்டும்? பெற்றோரே, மகளின் மேற்படிப்பை நிறுத்த நினைக்கும்போது உங்களையும் அதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வினைச்சொல்லும் உண்டு: ரிஃப்ரெயின். நோன்பு நாளில் குடத்துத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, யாரும் காவல் நிற்பதில்லை, நாமாகவே தவிர்ந்துகொள்கிறோம். பிறர் நம்மைத் தடுப்பதும் நாம் நம்மை அடக்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்று அறிந்த பிள்ளைக்கு அந்த வினாத்தாள் கடினமாக இராது.