உழவு யந்திரத்திற்குப் பாரம் அளவோடு வேண்டும்

உழவு யந்திரத்தின் பாரம் கூடக்கூட அதன் இழுவையும் கூடும் என்பது கமக்காரர் பலரிடம் வேரூன்றிய எண்ணமாகும். இவ்வெண்ணத்திற் பாதி உண்மை, மறுபாதி நட்டம். பின்சில்லுகளிற் பூட்டிய இரும்புப் பாரத்தை ஆண்டு முழுவதும் கழற்றாது, மேட்டுக் காணியிலும் சேற்று வயலிலும் ஒரே நிறையுடன் யந்திரத்தை ஓட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டியதாகும்.

பாரம் குறைந்தாற் சில்லு நிலத்தைப் பற்றாது வழுக்கும், டயர் தேயும், எரிபொருளும் நேரமும் வீணாகும். பாரம் மிகுந்தாற் சில்லு புதையும். தான் புதைந்த தடத்திலிருந்து ஏறுவதற்கே யந்திரம் தன் வலுவைச் செலவிடும். பற்சக்கரங்களும் அச்சும் வருந்தும். ஆகவே சிறிது வழுக்குதல் குற்றமன்று. உறுதியான நிலத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை வழுக்குதல் நன்று. சில்லு சற்றேனும் வழுக்கவில்லையெனின், பாரம் மிகையென்று கொள்ளுதல் வேண்டும்.

இதனை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பின்டயரிற் சுண்ணாம்பினால் ஓர் அடையாளம் இடுக. கலப்பையை உயர்த்தியவாறு சில்லு 10 முறை சுழலும் தூரத்தை அளந்து, பின்னர் அதே நிலத்தில் உழுதவாறு 10 சுழற்சிக்குரிய தூரத்தையும் அளக்க. முன்னது 40 மீற்றரும் பின்னது 34 மீற்றருமாயின், வழுக்கல் நூற்றுக்கு 15 ஆகும். அதற்கு மேற்படிற் பாரத்தைக் கூட்டுக. 10 இற்குக் குறையிற் பாரத்தைக் கழற்றுக. சேற்று வயலுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அங்கு வழுக்கலுக்கு மருந்து பாரமன்று. சேற்றிற்குரிய இரும்புச் சில்லே ஆகும்.

மண்ணின் நலம் இதனினும் பெரிது. நெல் வயலின் உழவுப் படைக்குக் கீழுள்ள இறுகிய தட்டு நீரைத் தேக்குவதால் ஓரளவு நன்மை தரும். ஆயின் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் மிளகாய், வெங்காயம் முதலியனவும் செய்யும் நிலத்தில் அத்தட்டு வேரைத் தடுத்து, பயிரடியில் நீரைத் தங்கச் செய்யும். மேல்மண்ணின் இறுக்கம் டயரின் காற்றழுத்தத்தைப் பெரிதும் பொறுத்தது. அடிமண்ணின் இறுக்கமோ அச்சின்மேல் அமையும் மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. அடிமண் ஒருமுறை இறுகினால் அதனை இளக்குதல் எளிதன்று.

பாரத்தின் அளவைப் போன்றே அதன் பங்கீடும் முக்கியமாகும். பின்சில்லு மட்டும் இழுக்கும் யந்திரத்தில் மொத்த நிறையின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முன் அச்சில் அமைதல் தகும். நாற்சில்லும் இழுக்கும் யந்திரத்தில் அது நூற்றுக்கு 40 அளவினதாகலாம். பின்னாற் பாரமான கலப்பையை உயர்த்தி வரம்பேறும்போது முன்சில்லு நிலத்தை விட்டெழுந்தால், திருப்பும் வலுவைச் சாரதி இழப்பார். யந்திரம் பின்புறமாகப் புரளவுங் கூடும். அதற்குப் பரிகாரம் முன்புறத்தில் இரும்புப் பாரம் பூட்டுதலும், செங்குத்தான வரம்பிற் பின்னோக்கி ஏறுதலுமாம். இழுவைப் பெட்டியை அச்சின் மட்டத்திற்குக் கீழுள்ள கொளுவியிலன்றி வேறிடத்திற் பூட்டலாகாது.

முன்புறத்தை அமுக்குவதற்கு இளைஞரை யந்திரத்தின் மூடியில் இருத்துவதும், கலப்பை ஆழப் பதியும் பொருட்டு அதன்மேல் ஆளை ஏற்றுவதும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கனவல்ல. வழுக்கி விழுபவர் வீழ்வது சில்லின் முன்னே, அல்லது கலப்பையின் வாயிலே. மனிதவுடல் பாரக்கல் அன்று.

ஒவ்வொரு வேலைக்கும் பாரத்தைக் கழற்றிப் பூட்டுதல் தொல்லையென்பர் சிலர். டயரில் நீர் நிரப்பியோருக்கு அது மெய்யே. ஆகையால் சேற்றிலும் மேட்டிலும் உழுவோர் நீரை விடுத்து இரும்புப் பாரத்தைக் கொள்வதே சாலச் சிறந்தது. போகத்திற்கு ஓரிரு முறை அதனைக் கழற்றுவதிற் செல்லும் சிறுபொழுது, எரிபொருளிலும் டயரிலும் விளைச்சலிலும் மீண்டு வரும். கூலிக்கு உழுவிப்போரும் யந்திரம் வயலில் இறங்குமுன் அதன் பாரத்தைப் பற்றிச் சாரதியிடம் கேட்டறிதல் வேண்டும். உழவு முடிந்ததும் யந்திரம் போய்விடும். இறுகிய மண்ணோ கமக்காரனிடமே தங்கும்.