ஆடு கறிக்கு மட்டுமா?

"ஆடு கறிக்கு, மாடு பாலுக்கு." காரைக்கால் பகுதியில் கால்நடை பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் இதைச் சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். திருநள்ளாறு பக்கம் மகளிர் குழுக்களுக்கான ஒரு கடன் முகாமிலும் இதையே கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "வீட்டுக்கு மட்டும் கறந்துக்கலாமா சார்?" என்று கேட்டார். "ஆட்டுப்பாலா? மொச்ச வாடையில கிட்டவே போக முடியாதேம்மா" என்றார் பேச வந்தவர். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். ஆடு வைத்திருக்கிற ஒருத்தி கேட்ட நியாயமான கேள்வி, ஒரு சிரிப்பில் செத்துப்போனது. பல வருடமாக எனக்குள் இருந்த எரிச்சலை அதற்குமேல் அடக்க முடியவில்லை.

இவர்கள் வழக்கமாக அடுக்குகிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

உடம்புக்கு ஆகாதாம். பால் தொடுவதில்லை என்று விரதம் பூண்டிருந்த காந்தி, நோயில் விழுந்து உடல் தேறாமல் கிடந்தபோது, ஆட்டுப்பாலுக்குத்தான் விரதம் தடையில்லையே என்று எடுத்துச் சொன்னவர் கஸ்தூரிபா. அது 1919. அப்போது தொடங்கியதைக் காந்தி கடைசிவரை விடவில்லை. 1934-இல் அரிசனப் பயணத்தில் இதே காரைக்காலுக்கு அவர் வந்தபோது, ஆட்டுப்பாலில் பதினைந்து வருடம் நடந்த உடம்போடுதான் வந்தார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதை ஊட்டக் கூடாது. ஃபோலேட் சத்து மிகக் குறைவு, ரத்தசோகை வரும். டெங்குவுக்கு மருந்து என்று விற்பவர்களும் என் கட்சி இல்லை. நான் பேசுவது சாப்பாட்டைப் பற்றி.

குட்டி பட்டினி கிடக்குமாம். கறக்கத் தெரியாதவன் கையில்தான் அது நடக்கும்.

அளவு போதாதாம். நம் நாட்டாடு உழக்கு அளவு கறந்தாலே பெரிது, உண்மைதான். ஆனால் உழக்கு என்பது முந்நூறு மில்லிக்கு மேல். நாலு பேர் உள்ள வீட்டில் காலை டீக்கு அது தாராளம். நம் யூனியன் பிரதேசத்தின் இன்னொரு துண்டான மாஹேக்கு அடுத்த ஊர் தலைச்சேரி. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆட்டை இங்கே சந்தையில் கறிக்கென்றே விற்கிறார்கள். மலபாரிலோ பாலுக்கும் கறிக்கும் சேர்த்தே வளர்த்த இனம் அது. உலகிலேயே அதிகம் ஆட்டுப்பால் கறக்கிற நாடு இந்தியா. நாட்டின் மொத்தப் பாலில் அது நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு. ராஜஸ்தானத்துக்காரர் கறந்து குடிக்கிறார், நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

இனி அந்த வாடைக்கு வருகிறேன். மற்றதெல்லாம் ஒப்புக்குச் சொல்வது. ஜனங்களை விலக்கி வைத்திருப்பது இந்த ஒரு சொல்தான்.

மொச்சை வாடை பொய்யல்ல. ஆனால் அது கிடாவின் வாடை. பருவத்துக்கு வந்த கிடாவுக்குத் தலைப்பக்கத் தோலில் அது சுரக்கிறது. போதாததற்குத் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும். அந்தக் கிடாவைப் பெட்டையோடு ஒரே கொட்டிலில் கட்டி, ஐப்பசி கார்த்திகை மழையில் தரை நசநசவென்று கிடக்க, கிடாவைப் பிடித்துக் கட்டிய கையோடு மடியைத் தொட்டுக் கறந்தால் பால் மணக்காமல் என்ன செய்யும்? அங்கே நாறுவது கொட்டில். பழி பாலுக்கு.

இரண்டாவது காரணம் பாலுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டுப்பாலின் கொழுப்பில் கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற அமிலங்கள் மாட்டுப்பாலில் இருப்பதைவிடக் கூடுதல். கறந்த நிமிடத்தில் அவை கொழுப்போடு கட்டுண்டு கிடக்கின்றன, வாடை வீசுவதில்லை. பாலைக் குலுக்கி, ஊற்றி ஊற்றி நுரைக்க வைத்து, மணிக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் கொழுப்புத் துளிகளின் மேலுறை கிழிகிறது. பாலிலேயே உள்ள லிப்பேஸ் என்ற நொதி உள்ளே புகுந்து அந்த அமிலங்களை அவிழ்த்துவிடுகிறது. அப்போதுதான் வாடை கிளம்புகிறது. கறந்த கையோடு காய்ச்சிவிட்டால் அந்த நொதி செத்துப்போகும். மால்டா காய்ச்சல் என்று பேர்பெற்ற புரூசெல்லா நோய் பச்சை ஆட்டுப்பால் வழியே பரவுவதை 1905-இலேயே மால்டாத் தீவில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே காய்ச்சாமல் குடிக்கச் சொல்பவனையும் நம்ப வேண்டாம். நோயைத் தடுக்கிற அதே கொதிதான் வாடையையும் தடுக்கிறது.

நெடுங்காட்டுப் பக்கம் ஓர் அம்மா கறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கிடா கொல்லையின் மறுகோடியில். குட்டிகளை இரவே தனியாக அடைத்துவிடுகிறார். விடிந்ததும் ஒன்றை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் பிரித்துக் கட்டுகிறார். ஆட்டுக்கு ஒரு கொத்து அகத்திக்கீரை. வெந்நீரில் நனைத்த துணியால் மடியைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனியே விட்டுவிடுகிறார். பிறகு காம்பின் மேல்பக்கத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கி, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறார். இழுப்பதே இல்லை. "இழுத்தா அதுக்கு வலிக்கும் தம்பி, பாலை அடக்கிக்கும்" என்றார். ஒரு காம்பைக் குட்டிகளுக்கென்றே விட்டுவிட்டு எழுந்தார். சொம்பிலிருந்து வெள்ளைத் துணியில் வடிகட்டி நேராக அடுப்புக்கு.

சர்க்கரை போடாமல்தான் குடித்தேன். முதலில் மெல்லிய இனிப்பு, விழுங்கும்போது நாக்கின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு. எருமைப்பால் போல வாயில் அப்பாது. மஞ்சள் சாயலே இல்லாத சுத்த வெள்ளை. தழையில் உள்ள கரோட்டினை ஆடு முழுக்க வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் வருகிற வெள்ளை அது. மொச்சை? மருந்துக்கும் இல்லை.

இன்னும் நம்பாதவர்கள் பாரிஸில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்கட்டும். காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடுகளுக்கும், பிள்ளை பாரிஸில் வேலை பார்க்கும் வீடுகளுக்கும் குறைவில்லை. அந்த நாட்டில் லுவார் ஆற்றுப் பகுதியின் ஆட்டுப்பால் சீஸ், சாவிஞோல் என்றும் வலன்சே என்றும் ஊர்ப்பெயரோடு மரியாதையாக விற்கிறது. புதிதாகச் செய்ததில் வாடை சொற்பம். வாரக்கணக்கில் பழுக்க வைத்தால் நெடி ஏறும், அதற்கென்றே விரும்பி வாங்குகிறார்கள். அதாவது நெடி நாள்பட வருவது, கூடப் பிறந்தது அல்ல. அங்கே காசு கொடுத்துத் தின்றுவிட்டு இங்கே லீவில் வந்து "ஐயோ, ஆட்டுப்பாலா?" என்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: சொசைட்டியில் வாங்க மாட்டார்கள், விலை போகாது. விற்கச் சொல்லி யார் கேட்டது? அந்தப் பெண் "வீட்டுக்கு மட்டும்" என்றுதான் கேட்டார். நிலமில்லாத வீட்டில் மாடு கட்ட இடம் ஏது, வைக்கோலுக்குப் பணம் ஏது? ஆடு என்றால் வேலியோரப் பூவரசும் அறுத்த வயலில் மேய்ச்சலும் போதும். இன்று அப்படிப்பட்ட வீடுகளில் கொல்லையில் பால்மடியோடு ஆடு நிற்கிறது, பிள்ளை காலையில் கடைக்கு ஓடிப் பாக்கெட் பால் வாங்கி வருகிறான். கூலி இல்லாத நாளில் அதுவும் இல்லை, கடுங்காப்பிதான். அடுத்த முகாமில் பேசப் போகிறவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, குட்டி போட்ட ஆடு ஒன்றையும் கறக்கத் தெரிந்த ஓர் அம்மாவையும் அழைத்து வரட்டும். மடி துடைப்பதிலிருந்து காய்ச்சுவதுவரை காட்ட அரைமணி நேரம் போதும்.