மாசத்துக்கு ஒரு செலவு மட்டும் குறைங்க, அதுவும் வீட்ல கேட்டுட்டு



"சம்பளம் வந்து 10 நாள்ல அக்கவுண்ட் காலி ஆகுது"ன்னு யார் சொன்னாலும் உடனே கிடைக்கிற அறிவுரை ஒண்ணுதான்: எல்லாத்தையும் கட் பண்ணு. வெளிச் சாப்பாடு கட், ஓடிடி கட், காபி கட். ஒரு மாசம் தேவையில்லாத செலவே பண்ணாம இருந்து காட்டுங்கன்னு சவால் வேற.

இதுல எனக்கு உடன்பாடு இல்லை. செலவைக் குறைக்கணும்கிறது சரி. ஆனா ஒரே மாசத்துல எல்லாத்தையும் வெட்டுறது பெரும்பாலும் தோத்துப் போகும். போகிற போக்குல வீட்ல யாரையாவது காயப்படுத்திட்டும் போகும். ஒரு சிஏவா இதைச் சொல்லலை. இதைச் செஞ்சு அடி வாங்கினவனா சொல்றேன்.

14 வரி எக்செல்

2019 ஏப்ரல். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். குரோம்பேட்டையில வாடகை வீடு. நான், மனைவி, அப்பா, அம்மா. வாடகை போக வீட்டுச் செலவு மாசம் 34,000 ரூபாய் ஆகிக்கிட்டிருந்தது. வீடு வாங்க முன்பணம் சேர்க்கணும்னு ஒரு வெறி. ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து எக்செல் போட்டேன். கம்பெனி கணக்கைப் பார்க்கிற அதே கண்ணோட வீட்டுக் கணக்கைப் பார்த்து, 14 வரிக்கு சிவப்பு அடிச்சேன்.

அரைச்சு வாங்குற காபித்தூளுக்குப் பதிலா விலை குறைஞ்ச பாக்கெட். ஞாயித்துக்கிழமை பிரியாணி நிறுத்தம். அம்மா தினமும் வாங்குற மல்லிப்பூ, வெள்ளிக்கிழமை மட்டும். அப்பாவோட நியூஸ்பேப்பர் வேண்டாம், போன்லயே படிக்கலாமே.

முதல் மாசம் செலவு 27,500. எனக்குப் பெருமை தாங்கலை. ரெண்டாவது மாசம் 30,000. ஜூன் மாசம் 36,200. ஆரம்பிச்ச இடத்தைவிட 2,200 ரூபாய் அதிகம். காபி பிடிக்காம ஆபீஸ் பக்கத்துல ரெண்டு தடவை காபி, "இவ்வளவு நாள் அடக்கிட்டோமே"ன்னு ஒரே வாரத்துல மூணு தடவை ஹோட்டல் சாப்பாடுன்னு எல்லாம் திரும்பி வந்துடுச்சு.

அது கூடப் பரவாயில்லை. ஒருநாள் காலையில கிளையன்ட் ஆபீஸுக்கு சீக்கிரமா கிளம்பினேன். தெருமுனை டீக்கடையில அப்பா நின்னுக்கிட்டிருந்தார். கையில டீ கிளாஸ். பெஞ்சுல ஒருத்தர் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்க, அவர் எப்போ அந்தப் பக்கத்தைக் கொடுப்பார்னு காத்துக்கிட்டிருந்தார்.

"என்னப்பா, இங்க?"

"சும்மாதான்டா. காலையில நடந்த மாதிரியும் இருக்கும்ல."

பேப்பர் மாசம் 200 ரூபாய் சொச்சம். டீ 10 ரூபாய், 30 நாளைக்கு 300. 200 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன்னு 300 ரூபாய் செலவு வச்சிருக்கேன். கணக்கே தப்பு. ஆனா அன்னைக்கு பைக்ல போகும்போது எனக்குக் கணக்கு உறைக்கலை. 60 வயசுக்கு மேல ஒரு மனுஷன் தன் வீட்ல கேட்க முடியாம, வெளியே போய் நிக்கிற மாதிரி பண்ணிட்டேனேன்னுதான் உறைச்சது. அந்த எக்செல் போடும்போது நான் ஒருத்தரைக் கூடக் கேட்கலை.

ஏன் தோத்துப் போகுது?

மன உறுதி இல்லைன்னு உங்களைத் திட்டிக்காதீங்க. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ரெண்டு பேரும் 1979-ல எழுதின ஆய்வுக் கட்டுரையில முக்கியமான விஷயம் இது: 100 ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட, 100 ரூபாய் கையைவிட்டுப் போற வலி பெருசு. ஒரே நாள்ல 14 விஷயத்தைப் பிடுங்கினா 14 வலி ஒண்ணா வரும். அதுக்கு ஈடா கிடைக்கிற சேமிப்போ பேங்க் அக்கவுண்ட்ல வெறும் நம்பரா இருக்கும். வலி கண்ணுக்குத் தெரியுது, பலன் தெரியலை. எத்தனை நாளைக்குத் தாங்கும்?

முதல் மாசம் எதையும் குறைக்காதீங்க

பேங்க் ஸ்டேட்மென்ட், யூபிஐ ஹிஸ்டரி, கார்டு பில் மூணையும் எடுத்து வச்சுக்கோங்க. ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்வி: "இது நின்னு போனா யாருக்குத் தெரியும்?"

பதில் மூணுல ஒண்ணாதான் இருக்கும்.

1. யாருக்குமே தெரியாது. மறந்து போன சந்தா, லேட் பீஸ், டெலிவரி சார்ஜ், ஆளில்லாத ரூம்ல ஓடுற ஏசி.

2. எனக்குத் தெரியும். என் சாயங்கால ஸ்நாக்ஸ், என் வாரக்கடைசி ஷாப்பிங்.

3. வீட்ல இன்னொருத்தருக்குத் தெரியும். அம்மாவோட பூ, அப்பாவோட பேப்பர், குழந்தையோட ஸ்விம்மிங் கிளாஸ், மனைவி அவங்க தங்கச்சிக்கு வாங்குற பொருள்.

முதல் வகையை நீங்களே வெட்டலாம். ரெண்டாவதை நிறுத்த வேண்டாம், எத்தனை தடவைங்கிறதைக் குறைங்க. மூணாவதுல, அந்த ஆள் வாயால சொன்னா ஒழிய கை வைக்காதீங்க. சம்பாதிக்கிறது நான்தானேங்கிறது இதுக்குப் பதில் ஆகாது.

ஒரு குடும்பத்தோட கணக்கு

கணவன், மனைவி, ஒரு குழந்தை, அம்மா. வாடகை, இஎம்ஐ போக வீட்டுச் செலவு மாசம் 32,000 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசத்துக்கு ஒண்ணு மட்டும் குறைக்கிறாங்க.

முதல் வெட்டு: ஆட்டோ டெபிட். 2021 அக்டோபர் 1-ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டுல தானா பிடிக்கிற சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னாடியே பேங்க் உங்களுக்குத் தகவல் அனுப்பணும். வேண்டாம்னா அப்பவே நிறுத்தவும் வழி இருக்கணும். நாம அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காம தள்ளிவிடுறோம். இந்த மாசம் மட்டும் படிங்க. பார்க்காத ரெண்டு ஓடிடி, ட்ரையல் முடிஞ்சும் ஓடிக்கிட்டிருக்கிற ஒரு ஆப், யாரும் திறக்காத ஒரு ஆன்லைன் கோர்ஸ். மிச்சம் 900 ரூபாய். வீட்ல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

ரெண்டாவது: இபி பில். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்ங்கிறது ஒரு கோடு. அதைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. 101 முதல் 200 யூனிட் வரைக்கும் இருந்த குறைஞ்ச விலையும் போயிடும். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதுக்கப்புறம் ரேட் மாறியிருக்கு, அதனால உங்க லேட்டஸ்ட் பில்லை வச்சுக் கணக்குப் போடுங்க.

நம்ம குடும்பம் 560-ல இருந்து 490-க்கு வந்தா, அதே 2022 ரேட்ல 2,430 ரூபாய் பில் 1,665 ஆகும். மாசத்துக்கு சுமார் 380 மிச்சம். எப்படிக் குறைக்கிறது? ஏசியில ஒரு டிகிரி கூட்டினாலே அதோட கரண்ட் செலவு சுமார் 6% குறையும்னு மத்திய அரசோட எரிசக்தி திறன் அமைப்பு சொல்லுது. 20-ல வைக்கிறவங்க 25-ல வச்சு கூடவே ஃபேனைப் போடுங்க, வித்தியாசம் பெருசா தெரியாது.

இதுல ஒரு எச்சரிக்கை. பிஎல்டிசி ஃபேன் வாங்கினா கரண்ட் மிச்சம்னு எல்லா ஃபேனையும் கழட்டாதீங்க. பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 27 யூனிட் மிச்சம். யூனிட் 4.50-ன்னு பார்த்தா வருஷத்துக்கு சுமார் 730 ரூபாய். 2,800 ரூபாய் ஃபேன் போட்ட காசை எடுக்க கிட்டத்தட்ட 4 வருஷம் ஆகும். இருக்கிறது கெட்டுப் போனா அப்போ இதை வாங்குங்க. மிச்சம் பிடிக்கிறதுக்குன்னே செலவு பண்றது நம்ம ஊர்ல பெரிய வியாதி.

மூணாவது: மளிகை. 10 நிமிஷ டெலிவரி ஆப்ல பொருள் விலையைவிட, லிஸ்ட் இல்லாம வாங்குறதுதான் பிரச்சினை. கொத்தமல்லி வாங்கப் போய், மினிமம் ஆர்டர் வரணும்னு சிப்ஸும் ஐஸ்க்ரீமும் சேரும். மாசத்துக்கு 18 ஆர்டர் போடுற குடும்பம், மாச லிஸ்ட்டை அண்ணாச்சி கடையில கொடுத்துட்டு, காய்கறியை வாரம் ஒரு தடவை வாங்கினா 1,200 ரூபாய் மிச்சமாகும். பாக்கெட்ல இப்போ கிராமுக்கு என்ன விலைன்னும் அச்சடிச்சிருக்கும், அதைப் பாருங்க. பெரிய பாக்கெட்தான் எப்பவும் மலிவுன்னு கிடையாது.

நாலாவது: வெளிச் சாப்பாடு. மாசம் 8 தடவை ஆர்டர் பண்றதை 5 ஆக்குங்க. தடவைக்கு 450-ன்னா 1,350 மிச்சம். எந்த 3-ஐ விடுறதுன்னு எல்லாரும் உட்கார்ந்து முடிவு பண்ணுங்க. செவ்வாய்க்கிழமை சோம்பேறித்தனத்துல போட்ட ஆர்டர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஞாயித்துக்கிழமை பிரியாணி இருக்கட்டும்.

அஞ்சாவது மாசம் ஓய்வு. எதையும் குறைக்காதீங்க. குறைச்சது அப்படியே நிக்குதான்னு மட்டும் பாருங்க.

நாலையும் கூட்டினா 3,830 ரூபாய். 32,000-ல கிட்டத்தட்ட 12%. மூணாவது வகையில ஒரு செலவைக் கூடத் தொடலை.

மிச்சம் பிடிச்ச காசு எங்கே போகுது?

இங்கதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. மிச்சமான காசு அதே சேவிங்ஸ் அக்கவுண்ட்ல கிடந்தா, வேற பேர்ல செலவாயிடும். அதனால 3,830-ல 3,000 ரூபாயை சம்பளம் வந்த மறுநாளே ஆர்டிக்கோ எஸ்ஐபிக்கோ போக விடுங்க. 10 வருஷத்துல, வட்டியை விடுங்க, போட்ட காசு மட்டுமே 3,60,000.

மிச்சம் 830-ஐ வீட்டுக்கே திருப்பிக் கொடுங்க. நல்ல காபித்தூள் வாங்குங்க, குழந்தையை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. மிச்சம் பிடிச்சதுல தனக்கும் ஏதோ கிடைச்சதுன்னு தெரிஞ்சாதான் வீட்ல இருக்கிறவங்க அடுத்த மாசமும் கூட நிப்பாங்க.

இன்க்ரிமென்ட் வரும்போதும் இதையே செய்யுங்க. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி ரெண்டு பேரும் ஒரு அமெரிக்க கம்பெனியில முயற்சி பண்ணினது இதுதான். இப்போதைய சம்பளத்துல கை வைக்காம, ஒவ்வொரு சம்பள உயர்வுலயும் ஒரு பங்கை சேமிப்புக்குத் தள்ளினாங்க. 40 மாசத்துல அந்த ஊழியர்களோட சேமிப்பு சம்பளத்துல 3.5%-ல இருந்து 13.6% ஆச்சு. கைக்கு வராத காசை யாரும் இழந்ததா நினைக்கிறதில்லை.

"3,830 எல்லாம் ஒரு சேமிப்பா சார்?"

நியாயமான கேள்விதான். வாடகையும் கார் இஎம்ஐயும் சம்பளத்துல பாதியைத் தின்னுதுன்னா, முதல்ல அதைப் பத்திதான் பேசணும். இபி பில்லைப் பிடிச்சுக்கிட்டு தொங்கிப் பிரயோஜனம் இல்லை.

மெதுவா குறைங்கன்னு நான் சொல்றது எல்லாருக்கும் பொருந்தாது. கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு, மாசம் 3%-க்கு மேல வட்டி ஏறிக்கிட்டிருந்தா, அது வருஷத்துக்கு 36%-க்கும் மேல. அங்கே நிதானத்துக்கு இடமே இல்லை. வீட்ல எல்லாரையும் உட்கார வச்சு உண்மையைச் சொல்லி, உடனே எல்லாத்தையும் நிறுத்தி அதை அடைங்க. அதே மாதிரி, 18,000 சம்பளத்துல நாலு பேர் சாப்பிடுற வீட்ல குறைக்க ஒண்ணும் இருக்காது. அங்கே வருமானத்தைக் கூட்டுறதுதான் வழி. அவங்ககிட்ட காபியைக் குறைங்கன்னு சொல்றது அநியாயம்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்த வழி.

கடைசியா

டீக்கடையில பார்த்த மறுநாளே பேப்பர்காரர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த நாள் காலையில வாசல்ல பேப்பர் விழுந்தது. அப்பா ஒண்ணும் சொல்லலை, எடுத்துக்கிட்டு உள்ளே போனார். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் முதல் தடவையா வீட்டுக் கணக்கை எல்லார் முன்னாடியும் வச்சேன். வீடு வாங்க முன்பணம் சேர்க்கணும், மாசம் 3,000 ரூபாய் எங்கேயாவது குறைக்கணும்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அப்பாதான் ஆரம்பிச்சார்.

"அந்தக் கேபிள்ல பாதி சேனல் நாம பார்க்கிறதே இல்லடா. வேண்டாததை எடுத்துட்டு பேக்கை மாத்தச் சொல்லு."

மாத்தினோம். மாசம் 180 ரூபாய் மிச்சம். என் எக்செல்ல போட்ட 14 வரியில அது இல்லவே இல்லை.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. கணக்கைக் காட்டுங்க. எதைக் குறைக்கலாம்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி, அவங்களைக் கேளுங்க.