கனவான் திருடனும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மேலப்பாளையத்தில் பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியைப் பிரிப்பது பெரும்பாடு. ஜப்பானியச் சித்திரப் படமென்றால் வாப்பாவும் உம்மாவும் கண்டுகொள்வதில்லை. ‘கார்ட்டூன்தானே, ஆபாசம் இல்லையே’ என்பதே நம்முடைய அளவுகோலாகிவிட்டது. அந்த அளவுகோல் போதாது என்பதே நம் வாதம். அதற்கு மட்டமான படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அடிப்பது நேர்மையாகாது. உலகமே மெச்சும் படத்தையே எடுத்துக்கொள்வோம்.

‘காக்லியோஸ்த்ரோ கோட்டை’. 1979இல் வெளிவந்தது, ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படம். அதன் நாயகன் மூன்றாம் லூப்பன், தொழில்முறைத் திருடன். 1905இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் லெப்லான் உருவாக்கிய ஆர்சேன் லூப்பன் என்னும் கனவான் திருடனுக்குப் பேரன் என்ற கற்பனையில், 1967இல் மங்கி பஞ்ச் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் இவனைப் படக்கதையாக வரைந்தார். பாட்டன் பட்டு அங்கி அணிந்து திருடினான். பேரன் சிரிக்க வைத்துத் திருடுகிறான்.

முதல் காட்சியைக் கவனியுங்கள். சூதாட்ட விடுதியைக் கொள்ளையடித்து, கார் நிறையப் பணத்தோடு லூப்பனும் அவன் கூட்டாளியும் பறக்கிறார்கள். நோட்டு ஒன்றை உற்றுப் பார்த்தவன் திகைத்து, அத்தனையையும் காற்றில் வீசி எறிகிறான். திருட்டுப் பணம் என்பதற்காக அன்று, கள்ளநோட்டு என்பதற்காக! இந்த இடத்தில் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். பிறர் பொருளை எடுத்தது குறையாகத் தெரியாமல், எடுத்த பொருள் தரமாக இல்லாததே குறையாகத் தெரியும்படி மனம் பழக்கப்படுகிறது. ஐந்து நிமிடத்தில் இந்தப் பாடம் நடந்து முடிந்துவிடுகிறது.

படத்தின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கொடிய பிரபு ஒருவன் கோபுரத்தில் சிறைவைத்திருக்கும் கிளாரிஸ் என்ற பெண்ணை லூப்பன் உயிரைப் பணயம் வைத்து மீட்கிறான். அவள், ‘என்னையும் அழைத்துச் செல்லுங்கள், திருடக் கற்றுக்கொள்கிறேன்’ என்று கெஞ்சும்போது மறுத்துவிடுகிறான். தன் தொழில் நல்லவர்களுக்கு ஆகாது என்பது திருடனுக்கே தெரிந்திருக்கிறது. படம் பார்க்கும் நமக்குத்தான் தெரிவதில்லை. அதே படத்தில் ஜெனிகாதா என்ற காவல் அதிகாரி வருகிறார். விலைபோகாதவர். கள்ளநோட்டு அச்சகத்தைக் கண்டறிந்த பின்னும் மேலிடம் அரசியல் கணக்குப் பார்த்துக் கையைக் கட்டிப்போட, வேறு வழி தேடி உண்மையை உலகுக்குக் காட்டுகிறார். ஆயினும் படம் நெடுகக் கேலிக்கு ஆளாகிறவர் அவரே. நேர்மையாளன் கோமாளி, திருடன் கனவான். இந்தப் பங்கீட்டோடுதான் நமக்குச் சண்டை.

இது ஜப்பானுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். 1954இல் வந்த ‘மலைக்கள்ள’னை நம் பாட்டன்மார் கொண்டாடித் தீர்த்தார்கள். நாமக்கல் கவிஞரின் நாவல், மு. கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆர். நாயகன். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்குக் கிடைத்தது. அதில் ஒரு செய்தியை நாம் போதிய அளவு யோசித்ததில்லை. மலையில் கள்ளனாக இருப்பவன் ஊருக்குள் வரும்போது எந்த வேடம் பூணுகிறான்? அப்துல் ரஹீம் என்னும் முஸ்லிம் வணிகர் வேடம்!

எத்தனையோ முகங்கள் இருக்க, இந்த முகத்தை அணிவித்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. ராவுத்தர் கடையிலும் மரைக்காயர் கடையிலும் எடை சரியாக இருக்கும், கொடுத்து வைத்த பொருள் கேட்டபோது திரும்பி வரும் என்று ஊர் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்தவர்கள் அமானிதம் பேணிய எளிய மனிதர்கள். அவர்கள் சேர்த்ததைக் கள்ளன் உடுத்திக்கொள்கிறான். கனவான் திருடன் முதலில் திருடுவது பணத்தை அன்று, நல்லவர்களின் முகத்தை.

நம் நெல்லைச் சீமையில் 1920களில் திரிந்து, 1923இல் காவல்துறையினரால் கொல்லப்பட்ட ஜம்புலிங்கத்தைச் சிலர் நினைவூட்டலாம். பொய்க் குற்றச்சாட்டால் காட்டுக்கு விரட்டப்பட்டவன் என்றும் ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்றும் அவனைச் சொல்வார்கள். அநீதிக்கு ஆளானவன் மீது இரங்குவது வேறு, திருட்டை ரசிப்பது வேறு. இரண்டையும் குழைத்துத் தருவது சினிமாக்காரர்களின் வேலை.

திரையில் கனவான் திருடன் கோட்டைச் சுவரில் ஏறுகிறான். நிஜத்தில் அவனுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனத்தை மறந்துவிட்டோமா? வட்டியில்லா ஹலால் முதலீடு என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் அங்கே பணம் போட்டன. பள்ளிக்கூடத்துக்கு நிறுவனம் உதவியது; நற்பெயர் வளர்ந்தது. 2019 ஜூனில் எல்லாம் நொறுங்கியது. நிறுவனர் துபாய்க்குப் போய்விட்டார். ஜூலையில் திரும்பியபோது கைதானார், வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. அங்கே வரிசையில் நின்று அழுதவர்கள் கொடிய பிரபுக்கள் அல்லர். மகள் திருமணத்துக்குச் சேர்த்ததை இழந்த பெற்றோர், ஓய்வுப் பணத்தைப் போட்ட முதியவர்கள். நம் ஊரில் பீடி சுற்றிய கூலியில் மிச்சம் பிடித்துச் சீட்டுக் கட்டும் பெண்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கூடச் சான்றாக இராது. ஆளின் முகம்தான் அவர்களுக்குப் பத்திரம். இனிக்கப் பேசுகிறவனை ரசிக்கப் பழகிய கண் அந்த முகத்தை எப்படி எடைபோடும்?

‘பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்தால் என்ன?’ என்று பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். அல்லாஹ் தூய்மையானதையே ஏற்கிறான். திருடிக் கொடுப்பது ஸதகா ஆகாது. ‘அவன் கண்ணியமானவன் ஆயிற்றே’ என்பதற்கோ மதீனாவிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மக்ஸூம் என்னும் உயர்குலத்துப் பெண் திருடியபோது, குலத்தைக் காட்டிப் பரிந்து பேச உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் சினந்தார்கள். மேலோரை விட்டுவிட்டு எளியோரைத் தண்டித்தே முந்தைய சமூகங்கள் அழிந்தன என்றும், தம் மகள் ஃபாத்திமாவே ஆனாலும் தண்டனை அதுவே என்றும் அறிவித்தார்கள். கனவான் திருடன், சாதாரணத் திருடன் என்ற பாகுபாடு அன்றே அடைபட்டுப் போனது.

கைப்பேசியைப் பிடுங்குவதால் மட்டும் காரியம் ஆகாது. அடுத்த வீட்டில் அதே படம் ஓடும். பக்கத்தில் அமருங்கள். ‘இந்தக் காசு யாருடையது? பறிகொடுத்தவன் இப்போது எங்கே?’ என்று கேளுங்கள். படத்தில் அதற்கு விடை இராது. பறிகொடுத்தவனைக் காட்டினால் திருடனின் அழகு குலைந்துவிடுமே.

பிள்ளைகளுக்குத் திருடன் கதைதான் வேண்டுமென்றால் நம்மிடமே ஒன்று உண்டு. ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) ஒரு காலத்தில் அபீவர்துக்கும் ஸரக்ஸுக்கும் இடைப்பட்ட பாதையில் வழிப்பறி செய்தவர். தாம் விரும்பிய பெண்ணைக் காணச் சுவரேறிய இரவில், எங்கோ ஓதப்பட்ட குர்ஆன் வசனம் அவர் செவியில் விழுந்தது. உள்ளங்கள் அல்லாஹ்வின் நினைவால் பணிய இன்னும் நேரம் வரவில்லையா என்று கேட்கும் வசனம். இறங்கி நடந்தவர் பாழடைந்த கட்டடம் ஒன்றில் ஒதுங்கினார். அங்கே வழிப்போக்கர் சிலர் தங்கியிருந்தனர். புறப்படலாம் என்றனர் சிலர். விடியட்டும், வழியில் ஃபுளைல் இருப்பான் என்றனர் மற்றவர்கள். இருளில் நின்று அதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.