மணாலிக்கு வண்டியா, பாட்டிக்கு வண்டியா?

நாவலூரில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் போன மாதம் பக்கத்து பிளாக் நண்பர் ஒருவர் என்னை மடக்கிப் பிடித்தார். "சார், பெரிய வண்டியா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ஏழு சீட்டு. டிசம்பர்ல குடும்பத்தோட மணாலி, ரோத்தாங்னு ஒரு ரவுண்டு. பனியில ஓட்ட இந்த மாதிரி வண்டிதான் லாயக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்றுதான் கேட்டேன்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மனைவிக்கு இடுப்பு வலி. மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது, பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. சின்னவனுக்கு இரண்டு வயது. சரி, மணாலி ஒரு வாரம். மிச்சம் ஐம்பத்தோரு வாரம் அந்த வண்டி எங்கே ஓடப் போகிறது? சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம், மாதம் ஒரு தடவை தாம்பரத்தில் இருக்கும் அத்தை வீடு, அம்மாவின் டாக்டர். அவ்வளவுதான்!

நீங்களும் இப்படி ஒரு யோசனையில் இருந்தால், என் கட்சி இதுதான்: மலையைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள். வீட்டில் யாருடைய உடம்பு ரொம்ப பலவீனமோ, அவரைப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் பனி விஷயத்தை முடித்துவிடலாம். நம் ஊட்டியில் விழுவது உறைபனி. புல்லை வெள்ளையாக்கும், ரோட்டை மூடாது. நிஜமான பனி ரோடு என்றால் இமயமலைப் பக்கம்தான். டிசம்பரில் ரோத்தாங் கணவாய் பெரும்பாலும் மூடித்தான் கிடக்கும். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாகத்தான் அந்தப் பக்கம் போவார்கள். அந்த ரோட்டில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், டயருக்குச் சங்கிலி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பனியில் ஓட்டிப் பழகிய கை வேண்டும். இங்கே 'எஸ்.யு.வி.' என்று விற்கிற வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. உயரமாக இருப்பதால் ஜீப் ஆகிவிடாது. நாலு சக்கர இழுவை இருந்தாலும் வண்டி கிளம்பத்தான் உதவும். பனியில் பிரேக் பிடித்தால் நிற்க உதவாது.

இன்னொன்று, வண்டி மாற்றினாலும் காற்று மாறாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மணாலி அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. ரோத்தாங் 3,978 மீட்டர். மணாலியில் காலையில் இட்லியோ பரோட்டாவோ சாப்பிட்டுக் கிளம்பி, மதியத்துக்குள் சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் ஏறினால் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் வரலாம். இதய நோய், நுரையீரல் நோய் உள்ள பெரியவர்களை அங்கே அழைத்துப் போகும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆகவேண்டும்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைவாசஸ்தலத்தில் நடந்தது ஞாபகமிருக்கிறதா? பனியில் மாட்டிக்கொண்ட கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், குழந்தைகள் உள்பட. குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொள்வோம். புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே... என்ன விலை கொடுத்து வாங்கிய காரும் இதற்குத் தப்பாது.

அதனால் மணாலி போகும் நீண்ட தூரத்தை ரயிலிலோ விமானத்திலோ கடந்துவிடுங்கள். அங்கே உள்ளூர் வண்டியை உள்ளூர் டிரைவரோடு எடுங்கள். அவருக்கு அது தினப்படி வேலை, நமக்கு அது வீடியோவில் பார்த்த சாகசம்.

இப்போது மிச்சம் ஐம்பத்தோரு வாரத்துக்கு வருவோம்.

ஷோரூமுக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். பாட்டியைக் கூட்டிப் போங்கள், புடவையோடு. யாரும் கை கொடுக்காமல் மூன்று தடவை ஏறி இறங்கட்டும். சீட் அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்கும்போது முழங்கால் கத்தும். உயரமாக இருந்தால் ஏறும்போது கத்தும். விற்பனைப் பையன் சன்ரூஃபைத் திறந்து காட்டுவான். நீங்கள் பாட்டியின் முகத்தைப் பாருங்கள்.

வாந்தி எடுக்கிற பெண்ணை மூன்றாவது வரிசையில் உட்கார வைக்கவே கூடாது. கண் ஆடாத சீட்டைப் பார்க்கிறது, உள்காது 'ஆடுகிறது' என்கிறது. இந்தச் சண்டைதான் வாந்தி. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. பின் வரிசையில் ஆட்டம் அதிகம், வெளியே பார்க்க ஜன்னலும் சின்னது. நடு வரிசையில், எதிரே ரோடு தெரிகிற மாதிரி உட்கார்ந்து, கையில் செல்போன் இல்லாமல் இருந்தாலே பாதி குறையும். வாந்தி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் சில, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது.

கடைசியாகச் சின்னவன். இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. பல லட்சம் ரூபாய் வண்டி வாங்குவோம், குழந்தையை மடியில் வைத்துக்கொள்வோம். "நான் கெட்டியா பிடிச்சுப்பேன்" என்பார்கள். மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் போகிற கார் எதிலாவது மோதினால், பன்னிரண்டு கிலோ குழந்தை அந்த நொடியில் சில நூறு கிலோ விசையோடு பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. முன்சீட்டில் மடியில் வைத்தால் இன்னும் மோசம், ஏர்பேக் விரிவதே குழந்தையின் மேல்தான். குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். அதை மாட்டுகிற 'ஐசோஃபிக்ஸ்' கொக்கி பின்சீட்டில் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்துக்காகவா செய்கிறோம்?

பெரியவர்களும்தான். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த காரின் பின்சீட்டில், பெல்ட் போடாமல். கர்ப்பிணிகளும் பெல்ட் போடலாம், போடவேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையோடு ஒட்டி வரவேண்டும்.

2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே 'பாரத் என்கேப்' என்ற மோதல் சோதனை மதிப்பெண் வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். (தாம்பரம் தாண்டி, வண்டலூர் வழியாகப் போனால் வரும் ஒரகடத்திலேயே அரசின் வாகனச் சோதனை நிலையம் இருக்கிறது!) மைலேஜ் கேட்கிற வாய் இதையும் கேட்கட்டும்.

"கரடுமுரடு ரோட்டுக்கு உயரம் வேண்டாமா சார்?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. வேண்டும். நாவலூர் டோல்கேட்டில் 2023 அக்டோபரோடு வசூல் நின்றதே தவிர, மழைக்காலப் பள்ளங்கள் நிற்கவில்லை. வேகத்தடையில் அடிவயிறு இடிக்காத அளவு உயரம் இருந்தால் மனைவியின் இடுப்புக்கு நல்லது. ஆனால் அந்த உயரத்தை நம்பி வெள்ளத்தில் இறங்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் கப்பல் மாதிரி மிதந்து போனதை எல்லாரும் பார்த்தோம். ஒரு அடி ஓடும் நீர் சின்னக் காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி போதும் உங்கள் பெரிய வண்டிக்கு.

ஊட்டி, கொடைக்கானலுக்குச் சாதாரண காரே தாராளம். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறி, கடைசி வளைவில் கைவிட்டுவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். '2319' என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. அந்த டயரோடு மலை ஏறாதீர்கள்.

நண்பர் போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷோரூம் போயிருக்கிறார். அந்த ஏழு சீட்டில் அந்த அம்மா இரண்டாவது தடவை ஏறும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். "பக்கத்துல நிக்குதே, அந்தச் சின்ன வண்டி... அதுல உட்கார்ந்து பாக்கட்டுமாடா?" என்று கேட்டாராம்.