பங்குப் பத்திரமும் வரி ரசீதும்

பழைய பங்குப் பத்திரம் சேகரிப்பவர்கள் சென்னை டிராம் கம்பெனியின் தாள் கிடைத்தால் விடமாட்டார்கள். 1895-இல் ஓடத் தொடங்கி 1953-இல் நின்றுபோன வண்டி அது.

டெல்டா பக்கமும் அவர்கள் பார்வை திரும்ப வேண்டும். 1861-இல் நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் இணைத்த கிரேட் சதர்ன் ரயில்வே, இங்கிலாந்தில் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில் பிறந்தது. லாபம் வராவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி உறுதி. அதை ஈடுகட்டியது இந்தியாவின் வரிப்பணம்.

1894-இல் திறந்த மாயவரம்–முத்துப்பேட்டை பாதையின் கதை வேறு. தஞ்சை ஜில்லா போர்டு நிலத்தின்மேல் தனி வரி விதித்துச் சேர்த்த பணத்தில் வந்த ரயில் அது. நெல் விற்றுக் காசு கட்டியவர்களுக்குப் பங்கும் இல்லை, பத்திரமும் இல்லை. அந்த வரி ரசீது ஏதேனும் பரணில் கிடந்தால், லண்டன் தாளைவிட அதுவே பெரிய ஆவணம். கரையான் அரிக்கும் முன் எடுத்து, தஞ்சாவூரிலேயே ஓர் ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிட வேண்டும்.