ஒரு நாள் லீவு கேட்கவும் நமக்கு வாயில்லையா?



ஹொங்கொங்கின் சென்ட்ரல் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் கார்ட்போட் மட்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சேட்டர் வீதி, நடைபாலங்கள், பெரிய வங்கிக் கட்டடத்தின் அடித்தளம் எல்லாம் நிறைந்துவிடும். அந்தப் படங்களைப் பார்த்து "பாவம், அகதிகள் மாதிரி" என்று சொல்பவர்களும், "பொம்புளைகள் இப்படியா தெருவில் கிடப்பது" என்று முகம் சுளிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

அந்த மட்டைகளில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாக இருந்து சாப்பாட்டைப் பங்கிடுகிறார்கள். ஆறு நாளும் அடக்கிவைத்த தாய்மொழியை வாயாரப் பேசுகிறார்கள். பக்கத்திலுள்ள வேர்ல்ட்-வைட் ஹவுஸில் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். பிள்ளைகளுக்குப் 'பலிக்பாயன்' பெட்டி கட்டுகிறார்கள். சம்பளம் குறைந்தால் எங்கே முறையிடுவது என்று புதியவளுக்குப் பழையவள் சொல்லிக்கொடுக்கிறாள். 1980களிலேயே சங்கமும் அமைத்துவிட்டார்கள். இந்தோனேசிய முஸ்லிம் சகோதரிகள் அதே நகரத்தின் விக்டோரியா பூங்காவில் இப்படித்தான் கூடுகிறார்கள். ஆகவே மார்க்கத்தை யாரும் சாட்டாகக் கொண்டுவர வேண்டாம்.

இது எப்படிச் சாத்தியமானது? ஏழு நாளுக்கு ஒரு முறை, தொடர்ந்து 24 மணித்தியால ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஹொங்கொங் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு நாளை அந்தப் பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் அவர்களைச் சென்ட்ரலிலிருந்து அகற்றி, நிலத்தடி வாகனத் தரிப்பிடங்களுக்கு அனுப்பலாம் என்றுகூட யோசனை சொன்னார்கள். அவர்கள் அசையவில்லை.

ஹொங்கொங் ஒன்றும் சொர்க்கமல்ல. எஜமானின் வீட்டிலேயே தங்க வேண்டும். வேலை போனால் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும். எத்தனை வருடம் உழைத்தாலும் நிரந்தர வதிவிட உரிமை இல்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அப்படியான ஊரிலும் ஒரு நாள் கையிலிருந்ததால் ஒரு சமூகத்தையே கட்டிவிட்டார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். 1995இல் சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டம்பிளாசியோன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது பிலிப்பைன்ஸ் முழுவதும் கொதித்தது. அதே ஆண்டில் புலம்பெயர் தொழிலாளருக்கென்று தனிச்சட்டம் வந்தது. 2018இல், குவைத்தில் ஒரு பெண் கொல்லப்பட்ட பின், ஆள் அனுப்புவதையே நிறுத்தி அந்நாட்டுடன் ஒப்பந்தம் செய்தார்கள்: கடவுச்சீட்டைப் பறிக்கக்கூடாது, போன் வைத்திருக்க விட வேண்டும்.

நமக்கு மூதூர் ரிஸானா நபீக் இருந்தாள். பிறந்த திகதியை மாற்றி, 17 வயதில், 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். 2013 ஜனவரி 9இல் வெட்டப்பட்டாள். நாம் அழுதோம், துஆக் கேட்டோம். அரசாங்கம் அதே ஆண்டு 'குடும்பப் பின்னணி அறிக்கை' கொண்டுவந்து, போகிற பெண்ணின் வீட்டைச் சோதித்தது. அவளை வேலைக்கு எடுக்கிறவனின் வீட்டை யார் சோதித்தது?

2022இல் நாடு டொலருக்குத் தவித்தபோது இந்தச் சகோதரிகளிடமும்தான் கையேந்தினோம். ஆனால் அவர்கள் ஊர் வந்தால் 'ஹவுஸ்மெயிட்' என்று கிசுகிசுக்கிறோம். கூலியாளின் உரிமை பற்றி மிம்பரில் அழகாகப் பயான் கேட்டுவிட்டு, சந்தியில் நிற்கும் சப்-ஏஜென்டுக்கு ஸலாம் சொல்லிக் கடந்து போகிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதன் மறுபக்கமும் தெரியும். "உம்மா எப்ப கதைப்பா?" என்று கேட்டால், "தெரியா சேர், மெடம் போனத் தந்தாத்தான்" என்று சொல்லும் பிள்ளைகளுக்குத்தான் நாம் பாடம் நடத்துகிறோம். ரியாதும் குவைத்தும் ஹொங்கொங்கை விடச் சின்ன ஊர்களா? அத்தனை பெரிய நகரத்தில் அந்த உம்மாவுக்கு ஒரு குசினியும் ஒரு ஜன்னலும்தான் சொந்தம்.

ஆகவே பள்ளி நிர்வாகங்களையும் மகளிர் சங்கங்களையும் கேட்கிறோம். ஏஜென்ட் ஊருக்குள் வந்தால் மூன்றே கேள்விகளை முன்வையுங்கள். கிழமைக்கு ஒரு நாள் லீவு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? போன் அவள் கையில் இருக்குமா? கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும்? பதில் சொல்லாதவனை ஊருக்குள் விடாதீர்கள்.

மட்டையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களுக்கு நம் அனுதாபம் தேவையில்லை. அவர்களிடம் நாம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.